காகத்துக்குப் பிடிக்காத பாட்டு

வரிப்பத்தான்சேனையில் கடல் இல்லை. அதற்கு முனவ்வறா என்ன செய்வாள், சொல்லுங்கள். அவளுடைய ஊரில் வயல் இருந்தது, வாய்க்கால் இருந்தது, குளம் இருந்தது, குளம் நிறையத் தாமரையும் இருந்தது. கடல் ஒன்றுதான் இல்லை. அது அவளுடைய பிழையா?

கல்முனைக்குடியில் இருந்த அவளுடைய சாச்சியின், அதாவது சின்னம்மாவின், பிள்ளைகள் என்னவோ அதை அவளுடைய பிழையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அது ஆகஸ்ட் மாத விடுமுறை. வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. முனவ்வறாவின் வாப்பா புது அரிசி ஒரு மூட்டையையும் முனவ்வறாவையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து சாச்சி வீட்டில் இறக்கினார். ஒரு தேத்தண்ணி குடித்தார். "கடலப் பார்த்து ஆசை தீர விளையாடு மகள்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ் திரும்புவதற்குள் ஓடிப் போய் ஏறிக்கொண்டார்.

நபீலா சாச்சியின் வீட்டு வேலியைத் தாண்டினால் மணல். மணலைத் தாண்டினால் கடல். சாச்சா ஷரிபுதீன் கரைவலைத் தோணியில் போகிறவர். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஸம்ஸியா, பதினொரு வயது, முனவ்வறாவை விட ஒரு வயது கூட. அதனால் ராத்தா. இளையவன் ஜெமீல், எட்டு வயது, வாய் மட்டும் எண்பது வயது.

அன்று பின்னேரம் இரண்டு பேரும் முனவ்வறாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் அப்படியே நின்றுவிட்டாள். இவ்வளவு தண்ணீரை அவள் ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. கைக்குழந்தையாக ஒருமுறை வந்திருக்கிறாளாம், அதெல்லாம் கணக்கில் வராது. பார்த்துக்கொண்டே நின்றவளுடைய வாய், அவளைக் கேட்காமலே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டது.

"இதுக்கு வான்கதவு எங்க இரிக்கி?"

குளம் என்றால் வான்கதவு இருக்கும்தானே. தண்ணீர் கூடினால் திறந்து விடுவார்கள்தானே. வரிப்பத்தான்சேனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஜெமீல் மணலில் விழுந்து உருண்டான். ஸம்ஸியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒருவழியாகச் சிரித்து முடித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, வான்கதவைத் திறக்கிற ஆள் இன்றைக்கு லீவு என்று சொன்னாள். மறுபடியும் இரண்டு பேரும் முதலில் இருந்து சிரித்தார்கள்.

முனவ்வறாவுக்குக் காது சூடாகியது. வயலுக்கு இவர்கள் வரட்டும், களை எது நெல் எது என்று கேட்டு வைக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்பி வந்தது. முனவ்வறா அதைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தாள்.

அன்றைக்குத்தான் கரைவலை. தோணி விடியும் முன்பே போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. வலையின் இரண்டு பக்கக் கயிறும் கரையில் கிடந்தன. ஒவ்வொரு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள் நின்று "ஏலேலோ" என்று சொல்லிச் சொல்லிப் பின்பக்கமாக நடந்து இழுத்தார்கள். கயிற்றில் கை வைத்த யாருக்கும், அது சின்னப் பிள்ளையாக இருந்தாலும், வீட்டில் ஆணம் காய்ச்ச ஒரு கை மீன் உண்டு. அது அந்தக் கரையின் வழக்கம். இதைக் கேட்டதும் முனவ்வறா பாவாடையைச் சொருகிக்கொண்டு கயிற்றில் தொற்றினாள். உள்ளங்கை எரிந்தது. விடவில்லை.

வலையின் மடி கரைக்கு வந்தது. உள்ளே நெத்தலி, கூடை கூடையாக நெத்தலி, துள்ளிக்கொண்டு கிடந்தது. இவ்வளவு விளைச்சலைக் கண்டால் வரிப்பத்தான்சேனைப் பிள்ளை என்ன செய்யும்? முனவ்வறா தொண்டை கிழியக் கத்தினாள்.

"பொலி! பொலி! பொலியோ பொலி!"

கயிறு பிடித்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய ஊர்க் களத்தில் நெல்லைக் குவித்து அள்ளும்போது அப்படித்தான் சொல்வார்கள். பொலி என்று சொன்னால் குவியல் பொலிந்து பெருகும். ஆனால் கடற்கரையில் யாரும் மீனைப் பார்த்துப் பொலி என்று சொன்னது கிடையாது. வலை முதலாளி மீராமுகைதீன் ஒரு பெரிய மீசைக்காரர், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இது களவெட்டி இல்ல மகள், கடக்கரை" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து முனவ்வறாவுக்குப் 'பொலி' என்று பெயராகிவிட்டது. பொலி சாப்பிட்டாளா, பொலி தூங்கினாளா, பொலியின் செருப்பு எங்கே என்று ஜெமீல் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் அவள் சொன்ன சொல்லை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கட களத்தில அப்படித்தான், அது நல்ல சொல் என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள். தனக்குப் பங்காகக் கிடைத்த ஒரு கை நெத்தலியைத் தானே கழுவிச் சாச்சியிடம் கொடுத்தாள்.

சிரிப்பை விட்டால், அந்தக் கடற்கரையில் செய்வதற்கு எவ்வளவோ இருந்தது. கச்சான் காற்று நாள் முழுக்கத் தரையில் இருந்து கடலுக்கு வீசியது. மணலில் முளைக்கும் இராவணன் மீசைப் புல்லின் முள்ளுப் பந்துகளை அந்தக் காற்றில் விட்டால் அவை மணலில் துள்ளித் துள்ளி ஓடும். அலையைத் தொடும் முன் பிடித்தவர் வென்றவர். நண்டு வளையில் காய்ந்த மணலை ஊற்றிவிட்டுத் தோண்டினால் வழி தவறாமல் நண்டிடம் போய்ச் சேரலாம். கழுத்தளவு தண்ணீரில் குந்தியிருந்தால் அலை தூக்கி உட்காரவைக்கும். முனவ்வறா எல்லாவற்றையும் செய்தாள். உப்புத் தண்ணீரையும் தேவையான அளவுக்கு மேலே குடித்தாள்.

ஆனால் இந்த விளையாட்டுகளில் ஸம்ஸியா இல்லை. அதை முனவ்வறா இரண்டாம் நாளே கவனித்துவிட்டாள்.

காரணம் காகங்கள். நபீலா சாச்சி வலையில் வரும் நெத்தலியை வாங்கிக் கருவாடு போடுகிறவர். வேலிக்கு வெளியே மணலில் பழைய வலைகளை விரித்து அதில் நெத்தலியைப் பரப்பிக் காயவிடுவார். அவர் பக்கத்து ஓலை வாடிக்குள் உட்கார்ந்து பெரிய மீன்களை வெட்டி உப்புப் போடவேண்டும். குனிந்த தலையை நிமிர்த்த நேரம் இருக்காது. அவர் குனிந்தால் போதும், காகங்கள் இறங்கிவிடும். அதனால் ஒரு பிள்ளை தடியோடு காவல் இருக்கவேண்டும். ஜெமீலை இருத்தினால் அவன் நண்டைத் துரத்திக்கொண்டு போய்விடுவான். ஆகவே காவல் எப்போதும் ஸம்ஸியாவுக்குத்தான்.

சாச்சா தன்னுடைய பழைய சட்டையில் ஒரு வெருளி செய்து நட்டிருந்தார். காகக் கூட்டத்தில் ஒற்றைக்கால் நொண்டும் ஒரு காகம் இருந்தது. அதற்கு ஸம்ஸியா நொண்டி முதலாளி என்று பெயர் வைத்திருந்தாள். நொண்டி முதலாளி அந்த வெருளியின் தலையில் உட்கார்ந்துதான் எந்த மீனைத் தூக்கலாம் என்று யோசிக்கும்.

காவல் இருக்கும்போது ஸம்ஸியாவுக்குப் பெருமை பேச நேரம் கிடைத்தது. அவள் அதிகம் பேசியது ஆற்றுமுகத்துவாரத்தைப் பற்றி. தெற்கே தோணியில் போனால் ஆறு கடலில் விழுகிற இடம் வருமாம். ஒரு கையை ஆற்றிலும் மறு கையைக் கடலிலும் வைக்கலாமாம், ஒரு கை இனிக்கும், மறு கை கரிக்குமாம். நாரைகள் ஆள் உயரத்தில் நிற்குமாம். அங்கேயே மீன் சுட்டுத் தின்னலாமாம். வயற்காட்டுக்காரர்கள் எங்கே அதையெல்லாம் பார்த்திருக்கப் போகிறார்கள் என்று முடிப்பாள். முனவ்வறா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். ஆசையும் பெருகியது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சாச்சா நல்ல செய்தி சொன்னார். கல்முனைக்குடியில் வெள்ளிக்கிழமை வலை போடமாட்டார்கள், தோணி சும்மா கிடக்கும். வலை முதலாளி தோணியைத் தர ஒத்துக்கொண்டார். வெள்ளி காலை சுபஹுத் தொழுதுவிட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போய், ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிடலாம் என்றார்.

ஜெமீல் பாயில் குதித்தான். முனவ்வறாவுக்குப் பிட்டு தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

சாச்சி மட்டும் கையில் எடுத்த உருண்டையை அப்படியே வைத்துவிட்டார். வியாழன் போடுகிற நெத்தலி வெள்ளிக்கிழமையும் காயவேண்டுமே, காவலுக்கு யார் என்று கேட்டார்.

"நான் நிக்கிறன்" என்றாள் ஸம்ஸியா. சட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு குடித்தாள். அந்தக் கோப்பையில் தண்ணீரே இல்லை என்பதை முனவ்வறா பார்த்தாள்.

வெளியே கை கழுவும்போது ஜெமீல் சும்மா இருக்காமல் உண்மையைக் கொட்டிவிட்டான். ராத்தா போன வருசமும் வரவில்லை, அதற்கு முந்தின வருசமும் வரவில்லை, ராத்தா ஒருதடவைகூட முகத்துவாரத்தைப் பார்த்தது இல்லை. அவள் சொல்கிற நாரையும் ஆறும் எல்லாம் அவன் போய்விட்டு வந்து சொன்னவைதான் என்று அவன் நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வான்கதவுக்குச் சிரித்தவள், பொலி என்று பெயர் வைத்துச் சிரித்தவள், தான் பார்க்காத இடத்தைப் பார்த்ததுபோல் கதைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சாமான் கிடைக்குமா? முனவ்வறாவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ஆனால் வெறும் கோப்பையைக் குடித்த அந்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவள் நேரே சாச்சியிடம் போனாள். வெள்ளிக்கிழமை தான் காவல் இருப்பதாகவும் ராத்தா தோணியில் போகட்டும் என்றும் சொன்னாள். சாச்சி அவளுடைய கன்னத்தைத் தடவினார். விருந்துக்கு வந்த பிள்ளையைக் காகத்துக்குக் காவல் வைத்தேன் என்று உன் உம்மா அறிந்தால் என் முகத்தில் முழிப்பாளா என்று கேட்டார். முனவ்வறா எவ்வளவு கெஞ்சியும் சாச்சி மசியவில்லை.

அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு முனவ்வறா காகங்களை நினைத்தாள். பிறகு குருவிகளை நினைத்தாள். கதிர் முற்றும் காலத்தில் அவளுடைய வயலில் குருவிகள் மேகம்போல வந்து விழும். அவற்றை வாப்பா தடியாலா விரட்டுகிறார்? வாப்பா என்ன செய்கிறார்? முனவ்வறா எழும்பி உட்கார்ந்தாள். பிறகு, காலையில்தான் கடை திறக்கும் என்பதால், மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

வியாழன் காலை ஜெமீலை இழுத்துக்கொண்டு அவள் பெருந்தெருவுக்குப் போனாள். அங்கே அச்சிமுகம்மது மாமாவின் ரேடியோ திருத்தும் கடை இருந்தது. கடை நிறைய, வயிறு திறந்த ரேடியோக்கள். மாமா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு கம்பியை ஊதிக்கொண்டிருந்தார். பழுதாகிச் சிக்குப்பட்ட கசெட் நாடா இருக்கிறதா என்று முனவ்வறா கேட்டாள்.

அவருக்கு விளங்கவில்லை. ஆட்கள் நல்ல கசெட் கேட்டுத்தான் வருவார்கள்.

"என்ன பாட்டு வேணும் மகள்?" என்றார்.

"காகத்துக்குப் பிடிக்காத பாட்டு" என்றாள் முனவ்வறா.

மாமா கம்பியைக் கீழே வைத்துவிட்டார். முனவ்வறா விளக்கம் சொன்னாள். எங்கட ஊரில் வயலுக்குக் குறுக்கே கசெட் நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். காற்றுப் பட்டால் அது பாடும், வெயில் பட்டால் மின்னும், குருவி அந்தப் பக்கம் தலை வைக்காது. குருவி பயந்தால் காகமும் பயப்படத்தான் வேண்டும். மாமா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். இயந்திரம் கடித்துத் துப்பிய நாடாக்கள் அதற்குள் சுருண்டு சுருண்டு நிறைந்திருந்தன. எறிய மனம் வராமல் சேர்த்து வைத்தேன், இதற்குத்தான் போலிருக்கிறது என்று சொல்லி டின்னோடு தூக்கிக் கொடுத்தார். காகம் என்ன சொன்னது என்று தனக்கும் வந்து சொல்லவேண்டும் என்றார்.

கடற்கரையில் வலைகளை உலர்த்த நட்ட கம்புகள் வாடியில் இருந்து கடலை நோக்கி வரிசையாக நின்றன. நல்ல வசதி என்று முனவ்வறா அந்தக் கம்புகளிலேயே நாடாவைக் கட்டினாள். நெத்தலிக்கு மேலே ஏழெட்டு இழை போட்டாள். கட்டி முடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

நாடா பாடவில்லை. முணுமுணுக்கக்கூட இல்லை. நொண்டி முதலாளி பறந்து வந்து ஒரு கம்பின் உச்சியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கீழே பார்த்தது.

"பொலி, உங்கட பாட்டுக் கச்சேரிக்கு ஆள் வந்திரிக்கி" என்றாள் ஸம்ஸியா.

ஜெமீல் கைதட்டினான். வாடிக்குள் இருந்து சாச்சியும் சிரித்துவிட்டார். முனவ்வறாவுக்கு அவமானமாக இருந்தது. ஓடிப் போய் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. ஆனால் வயலில் நாடா பாடியதை அவள் தன் காதால் கேட்டவள். அது பொய்யில்லை. அப்படியானால் கட்டியதில்தான் ஏதோ பிழை.

அவள் மணலில் உட்கார்ந்து யோசித்தாள். அப்போது ஓர் இராவணன் மீசைப் பந்து அவளுடைய முதுகுப் பக்கம் இருந்து வந்து, நாடாவின் நீளத்துக்கு நேராக ஓடி, கடலுக்குப் போனது. அவள் அதையே பார்த்தாள். கச்சான் காற்று வாடிப் பக்கத்தில் இருந்து கடலுக்குப் போகிறது. நாடாவும் வாடியில் இருந்து கடலுக்குப் போகிறது. இரண்டும் ஒரே வழியில் போனால் காற்று நாடாவில் எப்படி முட்டும்? வயலில் வாப்பா ஒருநாளும் அப்படிக் கட்டமாட்டார். காற்றுக்குக் குறுக்கேதான் கட்டுவார். கட்டும்போது நாடாவை ஒரு முறுக்கு முறுக்கியும் விடுவார். அந்த முறுக்கை அவள் மறந்தே போயிருந்தாள்.

அவள் எல்லாவற்றையும் அவிழ்த்தாள். வேறு கம்புகளைத் தூக்கி வந்தாள். இந்தத் தடவை கரையின் நீளத்துக்கு நட்டாள். மணலில் கம்பு நிற்காமல் சாய்ந்தது. சாய்ந்த கம்பை யாரோ பின்னால் இருந்து பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஸம்ஸியா. அவள் கம்பைப் பிடித்துக்கொண்டு காலால் மணலை மிதித்து இறுக்கினாள். முனவ்வறா நாடாவை முறுக்கி முறுக்கிக் கட்டினாள்.

கடைசி முடிச்சுப் போட்ட கையை எடுத்தாளோ இல்லையோ, காற்று வந்து முட்டியது. ஒரு இழை முனகியது. அடுத்த இழை சேர்ந்துகொண்டது. பிறகு எல்லா இழைகளும் ஒன்றாக, பெரிய வண்டு பறப்பதுபோல, ங்ங்ர்ர் என்று பாடத் தொடங்கின. வெயிலில் நாடா பளிச் பளிச் என்று மின்னியது.

நொண்டி முதலாளி கா என்று ஒரு சத்தம் போட்டது. எழும்பிப் பறந்து போய்த் தூரத்துத் தென்னையில் உட்கார்ந்தது. மற்றக் காகங்களும் அதன் பின்னால் போயின. அன்று மத்தியானம் வரைக்கும் ஒரு காகம் மணலில் கால் வைக்கவில்லை. ஸம்ஸியா தடியைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். சும்மா இருக்கிற கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னேரம் அச்சிமுகம்மது மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். நாடாவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். தன் கடையில் இருந்தபோதுகூட இந்தக் கசெட்டுகள் இவ்வளவு சுத்தமாகப் பாடியது கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் காகம் புத்திசாலி, நாளைக்கே பழகிவிடுமே என்று சாச்சி யோசித்தார். முனவ்வறா அதற்கும் பதில் வைத்திருந்தாள். வயலில் குருவியும் பழகத்தான் பார்க்கும், அதனால் வாப்பா ஒவ்வொரு நாளும் கம்புகளை இடம் மாற்றுவார் என்றாள். வெள்ளிக்கிழமை விடியும் முன்பே மூன்று பிள்ளைகளும் போய்க் கம்புகளைப் பிடுங்கிப் புது இடத்தில் நட்டார்கள். சாச்சி வாடியின் வாசலில் உட்கார்ந்து, காதில் பாட்டும் கையில் கத்தியுமாகச் சிரித்தார்.

"போ மகள், நீயும் போயிட்டு வா. காகத்த நானும் இந்தப் பாட்டுக்காரனும் பார்த்துக்குவம்" என்று ஸம்ஸியாவிடம் சொன்னார்.

ஸம்ஸியா உம்மாவைப் பார்த்தாள். தோணியைப் பார்த்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள். ஜெமீல்தான் எப்போதும் முதலில் ஏறுவான். அன்று அவன் மூன்றாவதாகத்தான் ஏறினான்.

முகத்துவாரத்தில் நாரைகள் ஆள் உயரத்தில் நிற்கவில்லை, ஜெமீல் உயரத்தில்தான் நின்றன. ஆனால் எவ்வளவு நாரைகள்! ஆறு பச்சையாக வந்து நீலத்துக்குள் இறங்கியது. ஸம்ஸியா மணல் திட்டில் மண்டியிட்டு ஒரு கையை இந்தப் பக்கமும் மறு கையை அந்தப் பக்கமும் நனைத்தாள். இரண்டையும் நக்கிப் பார்த்தாள். மறுபடியும் நக்கிப் பார்த்தாள். முதல் தடவை செய்கிற ஆள்தான் அப்படிச் செய்யும். ஜெமீல் அதைப் பார்த்து வாயைத் திறந்தான்.

முனவ்வறா முந்திக்கொண்டாள்.

"ராத்தா சொன்ன மாதிரியேதான் இரிக்கி" என்றாள்.

ஸம்ஸியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முனவ்வறாவுக்கு எல்லாம் தெரியும் என்று அந்த நிமிடம் அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய முகம் சிவந்தது. ஆனால் முனவ்வறா அதற்குள் மணலில் வேறொன்றைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தாள். மணலில் அகலமாக ஒரு தடம், இரண்டு பக்கமும் வெட்டு வெட்டாக, கடலில் இருந்து மேலே போயிருந்தது.

"சாச்சா, இஞ்ச உழவு மெசின் வந்து போயிரிக்கி!"

சாச்சா சிரித்தார். அது உழவு மெசின் இல்லை, முட்டையிட வந்த கடலாமையின் தடம் என்றார். முனவ்வறா வெட்கத்தோடு ஸம்ஸியா பக்கம் பார்த்தாள், சிரிப்பு இப்போது வரும் என்று காத்திருந்தாள். ஸம்ஸியா குனிந்து தடத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

"ஓம், உழவு மெசின் தடம் மாதிரியேதான் இரிக்கி" என்றாள்.

ஆமை புதைத்த முட்டைகளை அவர்கள் தொடவில்லை. நாரைகளைப் பார்த்துக்கொண்டே மீன் சுட்டுத் தின்றார்கள். பாங்கு சொல்லும் முன் கல்முனைக்குடிக் கரையில் வந்து இறங்கினார்கள். நாடா பாடிக்கொண்டே இருந்தது. நெத்தலி போட்டது போட்டபடி மணக்க மணக்கக் காய்ந்திருந்தது. நொண்டி முதலாளி மட்டும் தென்னையில் உட்கார்ந்து இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிய மறுபடியும் கரைவலை. பின்னேரம் முனவ்வறாவின் வாப்பா வந்து அவளைக் கூட்டிப் போகப் போகிறார். அதனால் அவள் உள்ளங்கைக் கொப்புளத்தையும் பார்க்காமல் கயிற்றைப் பிடித்தாள். இன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் ஸம்ஸியாவும் நின்றாள். காவல் இல்லாத கை அல்லவா, அதுவும் கயிறு பிடித்தது.

இழுக்கிறவர்கள் பேச்சு முழுக்க நாடாவைப் பற்றித்தான். தங்கள் வீட்டுக் கருவாட்டுக்கும் இப்படிக் கட்ட வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள். இந்த யோசனை யாருடையது என்று மீராமுகைதீன் முதலாளி கேட்டார். ஸம்ஸியா கயிற்றை விடாமலே முதலாளிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கட தங்கச்சி. வரிப்பத்தான்சேனைக்காரி."

முனவ்வறா மணலைப் பார்த்தாள். சந்தோசத்தில் அவளுக்கு வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மடி கரைக்கு வந்தது. முந்தின தடவையை விடக் கனமாக வந்தது. நெத்தலியும் சூடையும் பாரையுமாக மணலில் கொட்டியது. முனவ்வறா கத்தவில்லை. கத்தினால் சிரிப்பார்கள் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"பொலி!" என்று ஒரு குரல் கேட்டது. அது அவளுடைய குரல் இல்லை. ஸம்ஸியா கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொலியோ பொலி!"

கயிறு பிடித்தவர்கள் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மீராமுகைதீன் முதலாளி மீசையை ஒதுக்கிவிட்டு, அந்தப் பெரிய குரலில், "பொலி! பொலி!" என்றார். இந்தப் பக்கக் கயிறும் சொன்னது, அந்தப் பக்கக் கயிறும் சொன்னது. முனவ்வறா அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு இருக்கமுடியுமா? எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னாள்.

மீன் பங்கு வைக்கும்போது ஸம்ஸியா அவளுடைய காதுக்குள் ஒரு ரகசியம் கேட்டாள். அடுத்த வேளாண்மைக்குத் தான் வரிப்பத்தான்சேனைக்கு வந்தால் நெல் எது களை எது என்று காட்டித் தருவாளா என்று கேட்டாள்.

"வாங்க ராத்தா" என்றாள் முனவ்வறா. "ஆனா எங்கட களத்துல நின்டு நீங்க 'ஏலேலோ' என்டு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றாள் ஸம்ஸியா. "மறுகா அவங்களும் சொல்லுவாங்க."